ஃபேன்டஸி ஃபுட்பாலில் கிக்கரைத் தேர்ந்தெடுப்பது எப்படி? புதிதாக ஆட வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவில் வேலைக்குச் சேர்ந்த நம்மவர்களுக்கு ஆகஸ்ட் மாதக் கடைசியில் அலுவலகத்தில் ஓர் அழைப்பு வரும்: "ஃபேன்டஸி லீக்கில் ஓர் இடம் காலி, சேர்ந்துக்கிறியா?" அமெரிக்க ஃபுட்பாலின் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லில் ஆடும் நிஜ ஆட்டக்காரர்களை வைத்து ஆளுக்கு ஓர் அணி அமைத்து, அவர்கள் ஆட்டத்தில் செய்வதைப் புள்ளியாக எண்ணி வாரா வாரம் ஒருவரோடு ஒருவர் மோதுவதுதான் ஃபேன்டஸி. முறைவைத்து ஆட்களை எடுப்பது டிராஃப்ட். சரி என்று தலையாட்டிவிட்டு டிராஃப்ட் திரையைத் திறந்தால் குவாட்டர்பேக் (பந்தை எறிபவர்), ரன்னிங் பேக் (பந்தோடு ஓடுபவர்), வைடு ரிசீவர், டைட் எண்ட் (இருவரும் எறிந்த பந்தைப் பிடிப்பவர்கள்) என்று நிரப்ப வேண்டிய கட்டங்கள் வரிசையாக நிற்கும். அடியில் 'கே' என்று ஒற்றை எழுத்தோடு ஒரு கட்டம் இருக்கும். அதுதான் கிக்கர். மற்ற இடங்களுக்கெல்லாம் பக்கம் பக்கமாக ஆலோசனை சொல்பவர்கள், கிக்கர் என்று வந்தால் "கடைசியில் யாரையாவது எடுத்துப் போடு" என்று முடித்துவிடுவார்கள்.

கடைசியில் எடுப்பது சரி. யாரையாவது எடுப்பதுதான் தவறு. இரண்டு மூன்று புள்ளி வித்தியாசத்தில் கைவிட்டுப் போகும் வாரங்கள் எந்த சீசனிலும் வரும். பெரிய விலை கொடுக்காமல், வாரம் ஒரு கால் மணி நேரம் ஒதுக்கினாலே அந்த இரண்டு மூன்று புள்ளியைத் தேடி எடுக்கக்கூடிய இடம் கிக்கர் இடம்தான்.

கிக்கர் எப்படிப் புள்ளி எடுக்கிறார்?

ஆட்டமே புதிது என்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அதற்குள் 10 யார்டு முன்னேற வேண்டும். மூன்று முயற்சியிலும் முடியவில்லை, ஆனால் கோல் கம்பம் உதைக்கும் தூரத்தில் இருக்கிறது என்றால் நான்காவது முயற்சிக்குக் கிக்கரை அனுப்புவார்கள். நடுவில் இருப்பவர் பந்தைக் கால்களுக்கு இடையே ஏழெட்டு யார்டு பின்னால் எறிவார். ஒருவர் மண்டியிட்டபடி அதைப் பிடித்துத் தரையில் நிறுத்துவார். கிக்கர் ஓடிவந்து உதைப்பார். எறிவதில் தொடங்கி உதைப்பது வரை எல்லாம் ஏறக்குறைய 1.3 நொடிக்குள் நடந்து முடியும். 10 அடி உயரத்தில் இருக்கும் குறுக்குக் கம்பிக்கு மேலாக, 18.5 அடி இடைவெளியில் நிற்கும் இரண்டு கம்பங்களுக்கு நடுவே பந்து போனால் ஃபீல்டு கோல். அணிக்கு 3 புள்ளி.

பந்தை எதிரணியின் எண்ட் ஸோனுக்குள் (களத்தின் கடைசி 10 யார்டு) கொண்டுபோனால் டச் டவுன், அதற்கு 6 புள்ளி, அதற்குப் பிறகு ஒரு கூடுதல் உதை, அதற்கு 1 புள்ளி. முன்பெல்லாம் இந்தக் கூடுதல் உதை கண்ணை மூடிக்கொண்டு அடிக்கும் அளவுக்குச் சுலபம். 2015இல் பந்தை 15 யார்டு கோட்டுக்குத் தள்ளிவைத்தார்கள். இப்போது அது 33 யார்டு உதை. அதனால் அவ்வப்போது தவறவும் செய்கிறது.

தூரக் கணக்கைத் தெரிந்துகொண்டால் ஆட்டம் பார்க்கும்போதே உங்கள் புள்ளியைக் கணித்துவிடலாம். பந்து எதிரணியின் 25 யார்டு கோட்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பம் எண்ட் ஸோனின் கடைசியில் இருப்பதால் 10 யார்டு கூட்ட வேண்டும். பந்தைப் பின்னால் எறிந்து நிறுத்துவதற்கு ஏழெட்டு யார்டு. ஆக, 42 அல்லது 43 யார்டு உதை.

லீக் விதியைப் படித்துவிட்டு மற்றதைப் பாருங்கள்

சில லீக்குகளில் கிக்கர் இடமே கிடையாது. "அதிர்ஷ்டம்தான் எல்லாம்" என்று சொல்லி எடுத்துவிட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கடைசி நொடி உதையில் ஒரு வாரத்து வெற்றி மாறும் பரபரப்பு இந்த விளையாட்டின் உயிர். எப்படியோ, உங்கள் லீக்கில் அந்த இடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

இருந்தால், புள்ளி எப்படித் தருகிறார்கள் என்பது அடுத்த கேள்வி. பரவலாக இருக்கும் முறை இதுதான்: 39 யார்டு வரை 3 புள்ளி, 40 முதல் 49 வரை 4, 50க்கு மேல் 5, கூடுதல் உதைக்கு 1. ஆனால் ஒவ்வொரு லீக்கும் இதில் கை வைத்திருக்கும். தூரம் எதுவானாலும் 3 புள்ளிதான் என்று இருக்கலாம். யார்டுக்கு 0.1 என்று கணக்கிடுபவர்களும் உண்டு. அங்கே 47 யார்டு உதைக்கு 4.7. தவறவிட்டால் ஒரு புள்ளி கழிப்பதும் பல லீக்குகளில் இருக்கிறது.

இந்த வேறுபாட்டைப் பொறுத்து உங்கள் ஆள் மாறுவார். தூரத்துக்குக் கூடுதல் புள்ளி, தவறினால் கழிவு இல்லை என்றால், 55 யார்டிலிருந்தும் உதைக்கத் தயங்காத வலுவான காலுக்காரர் வேண்டும். கழிவு உண்டு என்றால் அதே காலோடு நிதானமும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த விதியைப் படிக்க இரண்டு நிமிடம் போதும். லீக்கில் பாதிப்பேர் அதைக்கூடச் செய்வதில்லை.

டிராஃப்டில் எப்போது எடுப்பது?

கடைசிச் சுற்றில். இதில் விவாதத்துக்கு இடமே இல்லை என்பது என் கருத்து.

காரணம் எளிது. பெரும்பாலான லீக்குகளில் 10 அல்லது 12 பேர் ஆடுவார்கள், ஆளுக்கு ஒரு கிக்கர்தான் வைத்துக்கொள்வார்கள். என்எஃப்எல்லில் 32 அணிகள், ஆகவே 32 கிக்கர்கள். டிராஃப்ட் முடிந்த பிறகும் இருபது பேர் வெளியே சும்மா நிற்பார்கள். நல்ல ரன்னிங் பேக் அப்படி நிற்கமாட்டார். அதோடு, போன வருடம் முதலிடத்தில் இருந்த கிக்கர் இந்த வருடமும் மேலே இருப்பார் என்று நம்பி எட்டாம் சுற்றில் எடுப்பவர்கள் ஏமாறுவதே வழக்கம். கிக்கர்களின் வரிசை வருடத்துக்கு வருடம் அப்படிக் கலைந்து மாறும்.

நிஜ அணிகளே இதில் சூடு பட்டிருக்கின்றன. என்எஃப்எல் அணிகள் கல்லூரி ஆட்டக்காரர்களை எடுக்கும் 2016 டிராஃப்டில் தம்பா பே பக்கனியர்ஸ் அணி, வேறோர் அணியோடு தேர்வுகளை மாற்றிக்கொண்டு வரிசையில் மேலே ஏறிவந்து, இரண்டாம் சுற்றில் 59ஆவது தேர்வாக ராபர்ட்டோ அகுவாயோ என்ற கிக்கரை எடுத்தது. கல்லூரி ஆட்டத்தில் அசாத்தியமான துல்லியம் காட்டியவர். முதல் சீசனில் 31 முயற்சியில் 22தான் உள்ளே போனது. அடுத்த ஆகஸ்டில் அணியே அவரை விடுவித்துவிட்டது. மறுபக்கம், இன்று டல்லாஸ் கவ்பாய்ஸுக்கு உதைக்கும் பிராண்டன் ஆப்ரியை எந்த அணியும் டிராஃப்டில் எடுக்கவில்லை. கால்பந்து (அமெரிக்கர்கள் சாக்கர் என்பது) ஆடி, மென்பொருள் வேலை பார்த்து, யுஎஸ்எஃப்எல் என்ற சிறிய லீக்கில் உதைத்து, 2023இல் என்எஃப்எல்லுக்கு வந்தார். வந்ததும் தொடர்ந்து 35 ஃபீல்டு கோல்களைத் தவறாமல் அடித்தார். தொடக்கத்திலேயே அப்படி அடித்தவர் அதற்கு முன் யாரும் இல்லை. நல்ல கிக்கர் எங்கிருந்து வேண்டுமானாலும் வரலாம், செலவே இல்லாமலும் வரலாம்.

இன்னொரு வழியும் இருக்கிறது. உங்கள் லீக் விதி அனுமதித்தால் டிராஃப்டில் கிக்கரையே எடுக்காதீர்கள். அந்த இடத்தில் கூடுதலாக ஒரு ரன்னிங் பேக்கை எடுத்துவையுங்கள். டிராஃப்டுக்கும் முதல் ஆட்டத்துக்கும் இடையில் ஒரு வாரமாவது இருக்கும். அதற்குள் யாருக்காவது காயம்பட்டு உங்கள் பெஞ்சில் இருக்கும் ஆள் திடீரென்று முக்கியமானவராகிவிடலாம். ஒன்றும் நடக்கவில்லையென்றால் அவரை விட்டுவிட்டு, முதல் வாரத்துக்குப் பொருத்தமான கிக்கரை எடுத்துக்கொள்ளலாம்.

ஆளைவிட அணியைப் பாருங்கள்

இங்கேதான் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். கிக்கர் தானாகப் புள்ளி எடுக்க முடியாது. அணி பந்தைக் கொண்டுவந்து கொடுத்தால்தான் அவருக்கு வேலை. அப்படியானால் அதிகப் புள்ளி குவிக்கும் அணியின் கிக்கரே சிறந்தவர் என்றுதானே தோன்றும்? முழுக்க அப்படி இல்லை.

2024 சீசனை எடுத்துக்கொள்ளுங்கள். டெட்ராய்ட் லயன்ஸ் 564 புள்ளி குவித்து லீக்கிலேயே முதலிடம். அதன் கிக்கர் ஜேக் பேட்ஸ் அடித்தது 26 ஃபீல்டு கோல், 64 கூடுதல் உதை, மொத்தம் 142. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் குவித்தது 380தான். ஆனால் அதன் கிக்கர் கிரிஸ் பாஸ்வெல் 41 ஃபீல்டு கோல், 35 கூடுதல் உதை அடித்து 158 எடுத்தார். இவை ஆட்டத்தின் புள்ளிகள். தூரத்துக்குக் கூடுதலாகத் தரும் ஃபேன்டஸி லீக்கில் இந்த இடைவெளி இன்னும் விரியும்.

ஏன் இப்படி? லயன்ஸ் கம்பத்துக்குப் பக்கத்தில் வந்தால் டச் டவுனாக முடித்துவிடும். கிக்கருக்கு மிஞ்சுவது அந்த ஒற்றைப் புள்ளி. போதாததற்கு அதன் பயிற்சியாளர் டான் கேம்பெல் நான்காவது முயற்சியிலும் துணிந்து ஆடச் சொல்பவர். 2024 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிரான என்எஃப்சி (என்எஃப்எல்லின் இரண்டு பிரிவுகளில் ஒன்று) இறுதியாட்டத்தில், உதைக்கும் தூரத்தில் இருந்தும் இரண்டு முறை கிக்கரை அனுப்பாமல் ஆடினார். இரண்டும் பலிக்கவில்லை, 34-31 என்று தோற்றார்கள். அவர் செய்தது சரியா தவறா என்பது வேறு பேச்சு. கிக்கர் வைத்திருக்கும் உங்களுக்கு அது நஷ்டம்.

ஸ்டீலர்ஸ் கதை வேறு. பந்து நகரும், ஆனால் கடைசி 30 யார்டில் மூச்சு வாங்கி நின்றுவிடும். அந்த சீசனின் முதல் ஆட்டத்தில் அட்லாண்டாவை 18-10 என்று வென்றார்கள். ஒரு டச் டவுன்கூட இல்லை. 18 புள்ளியும் பாஸ்வெல்லின் ஆறு உதைகளில் வந்தவை.

ஆகவே நீங்கள் தேட வேண்டியது, பந்தை நன்றாக நகர்த்தி அடிக்கடி பாதியில் நின்றுபோகும் அணி. நான்கு டச் டவுன் அடித்த அணியின் கிக்கருக்கு 4 புள்ளி. 30 யார்டு கோட்டில் மூன்று முறை நின்ற அணியின் கிக்கருக்கு, 48 யார்டு உதை மூன்று, 12 புள்ளி. இதற்காக மோசமான அணியிடம் போய்விடாதீர்கள். நடுக்கோட்டையே தாண்டாத அணியில் எவ்வளவு பெரிய கிக்கருக்கும் வேலை இருக்காது.

பயிற்சியாளரின் குணத்தையும் பாருங்கள். நான்காவது முயற்சியில் துணிபவரா, உதைத்து மூன்றை வாங்கிக்கொள்பவரா? 55, 58 யார்டிலிருந்தும் தன் கிக்கரை நம்பி அனுப்புபவரா? தவறினால் எதிரணிக்கு உதைத்த இடத்திலேயே பந்து கிடைக்கும் என்பதால், நம்பிக்கை இல்லாத பயிற்சியாளர் தூர உதைக்கு ஒத்துக்கொள்ளமாட்டார். ஆப்ரி போன்றவர்களின் மதிப்பு இங்கேதான். 2024இல் கவ்பாய்ஸ் 7 வென்று 10 தோற்ற அணி, பாதி சீசனுக்கு முதன்மைக் குவாட்டர்பேக்கும் இல்லை. அப்படியும் அவர் 40 ஃபீல்டு கோல் அடித்தார். அதில் ஒன்று, பால்டிமோர் அணிக்கு எதிராக 65 யார்டு.

கூரை, காற்று, குளிர்

செப்டம்பரில் இதைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். நவம்பர் பாதிக்கு மேல் இதுவே பெரிய விஷயமாகிவிடும்.

டெட்ராய்ட், மினசோட்டா, நியூ ஆர்லியன்ஸ், லாஸ் வேகஸ் மைதானங்களுக்கு முழுக் கூரை உண்டு. டல்லாஸ், ஹூஸ்டன், இண்டியானாபொலிஸ், அட்லாண்டா, அரிசோனா மைதானங்களில் கூரையைத் திறந்து மூடலாம். லாஸ் ஏஞ்சலிஸின் இரண்டு அணிகளும் ஆடும் சோஃபை மைதானத்தில் மேலே கூரை, பக்கங்கள் திறப்பு. டென்வர் இன்னொரு வகை. கடல் மட்டத்திலிருந்து 5,280 அடி உயரத்தில் இருக்கும் ஊர். காற்று மெல்லியது, பந்து கூடுதல் தூரம் போகும். 2013 டிசம்பரில் மேட் பிரேட்டர் 64 யார்டு அடித்து அன்றைய சாதனையைப் படைத்தது அங்கேதான்.

எதிர்ப்பக்கம் பஃபலோ, கிளீவ்லாண்ட், சிகாகோ, கிரீன் பே. ஏரிக்காற்றும் பனியும் சேர்ந்த ஊர்கள். மழையையும் குளிரையும்விடக் காற்றுக்கே பயப்படுங்கள். மணிக்கு 15 மைலுக்குக் கீழே என்றால் விட்டுவிடலாம். 20 மைலைத் தாண்டி, குறிப்பாகச் சுழற்றி அடிக்கும் காற்று என்றால் வேறு ஆளைத் தேடுங்கள். 2021 டிசம்பர் 6 அன்று பஃபலோவில் நடந்த ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். காற்று எப்படி என்றால், நியூ இங்கிலாண்ட் அணியின் குவாட்டர்பேக் ஆட்டம் முழுக்க மூன்றே மூன்று முறைதான் பந்தை எறிந்தார். டச் டவுன் அடித்த பிறகு கூடுதல் உதைக்கே போகாமல், பந்தோடு மறுபடி எண்ட் ஸோனுக்குள் ஓடி இரண்டு புள்ளி எடுத்தார்கள். பஃபலோ கிக்கர் 33 யார்டு உதையைத் தவறவிட்டார். ஆட்டம் 14-10.

பெரும்பாலான ஃபேன்டஸி லீக்குகளின் பிளேஆஃப் 15, 16, 17ஆம் வாரங்களில், அதாவது டிசம்பரில் வரும். அந்த மூன்று வாரமும் எந்த அணி கூரைக்குக் கீழே ஆடுகிறது என்பதை நவம்பரிலேயே அட்டவணையைத் திறந்து பார்த்து, அந்தக் கிக்கரைச் சத்தமில்லாமல் எடுத்து வையுங்கள். லீக்கில் மற்றவர்கள் அப்போது ரன்னிங் பேக்குகளுக்கு அடித்துக்கொண்டிருப்பார்கள்.

வாரா வாரம் மாற்றுவது

இதை ஸ்ட்ரீமிங் என்பார்கள். ஒரே கிக்கரைக் கட்டிக்கொண்டு அழாமல், அந்தந்த வாரத்துக்குப் பொருத்தமானவரை எடுத்துக்கொள்வது. ஆப்ரி மாதிரி ஒருவர் கையில் இருந்தால் பை வாரத்தை, அதாவது அவர் அணிக்கு ஆட்டமில்லாத வாரத்தைத் தவிர மாற்றத் தேவையில்லை. மற்றவர்களுக்கு இதுதான் வழி.

எப்படித் தேர்வது? அமெரிக்கப் பந்தய நிறுவனங்கள் ஒவ்வோர் ஆட்டத்துக்கும் இரண்டு எண்களை வெளியிடும். நீங்கள் பந்தயம் கட்ட வேண்டாம், கட்டவும் கூடாது. அந்த எண்களை மட்டும் இரவல் வாங்கிக்கொள்ளுங்கள். ஒன்று, இரு அணிகளும் சேர்ந்து எடுக்கும் என்று எதிர்பார்க்கும் மொத்தம். இன்னொன்று, எந்த அணி எத்தனை புள்ளியில் வெல்லும் என்ற கணிப்பு. மொத்தம் 48, ஓர் அணிக்கு 6 புள்ளி சாதகம் என்றால்: 48இல் பாதி 24, அதோடு 6இல் பாதியைக் கூட்டினால் 27. எதிரணிக்கு 21. இந்த 27 பக்கத்துக் கிக்கர்தான் உங்கள் ஆள். 24க்கு மேல் எதிர்பார்ப்பு, சொந்த மைதானம், வெல்லும் என்று கணிக்கப்படும் அணி: மூன்றும் கூடிவந்தால் யோசிக்காமல் எடுக்கலாம்.

வெல்லும் அணி என்பது ஏன் முக்கியம்? மூன்றாவது கால் பகுதிக்குப் பிறகு 17 புள்ளி பின்தங்கிய அணிக்கு ஃபீல்டு கோல் உதவாது. நான்காவது முயற்சியிலும் டச் டவுனுக்கே போவார்கள்; கிக்கர் ஓரத்தில் வலைக்குள் உதைத்துப் பயிற்சி எடுத்துக்கொண்டிருப்பார். முன்னிலையில் இருக்கும் அணி அப்படி இல்லை. 7 புள்ளி முன்னிலையை 10 ஆக்க ஆசைப்படும்.

சில நடைமுறைகள். யாரிடமும் இல்லாத ஆட்களைக் கேட்டு வாங்கும் வரிசைக்கு வேவர் என்று பெயர். அதில் உங்களுக்கு இருக்கும் முன்னுரிமையைக் கிக்கருக்காகச் செலவழிக்காதீர்கள். வரிசைக்குப் பதில் ஏலப் பணம் உள்ள லீக் என்றால் கிக்கருக்கு ஒரு டாலருக்கு மேல் தர வேண்டாம். புதன்கிழமை வேவர் முடிந்த பிறகு இலவசமாகவே கிடைப்பார்கள். இரண்டு கிக்கர்களை எப்போதும் வைத்துக்கொள்ளாதீர்கள்; பை வாரம் வந்தால் பழையவரை விட்டுவிட்டுப் புதியவரை எடுங்கள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒருமுறை செய்தியைப் பாருங்கள். கிக்கருக்கும் தொடையில் தசை பிடிக்கும், இடுப்பு வலிக்கும். ஆட்டத்துக்கு 90 நிமிடம் முன்னால் ஆடாதவர்கள் பட்டியல் வரும். இந்தியாவில் இருந்துகொண்டு அமெரிக்க நண்பர்களின் லீக்கில் ஆடுபவர்களுக்கு நேரம்தான் பெரிய தொல்லை. கிழக்கு அமெரிக்க நேரம் பகல் 1 மணி ஆட்டம் நமக்கு ஞாயிறு இரவு 10:30; நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரத்தை மாற்றியதும் 11:30. வியாழன் இரவு 8:15 ஆட்டம் நமக்கு வெள்ளி விடிகாலை 5:45, பிறகு 6:45. வியாழன் ஆட்டத்தின் கிக்கர் என்றால் படுக்கப் போகும் முன்பே போட்டுவிடுங்கள். ஆட்டம் தொடங்கியதும் அந்தப் பெயர் பூட்டிக்கொள்ளும்.

இரண்டு கிக்கர்கள் எல்லா வகையிலும் சமமாகத் தெரிந்தால் திங்கள் இரவு ஆட்டத்தில் இருப்பவரை எடுப்பது என் வழக்கம். அதுவரை நிலவரத்தைப் பார்த்து முடிவெடுக்க அவகாசம் கிடைக்கும். ஒரே ஒரு எச்சரிக்கை: அவர் கடைசி நேரத்தில் விலகினால், அதே ஆட்டத்தில் இருக்கும் மற்றக் கிக்கர் காலியாக இருந்தால்தான் மாற்று உண்டு. அந்தப் பெயர் யாரிடமும் இல்லை என்பதை ஞாயிறு மதியத்துக்குள் உறுதிசெய்துகொள்ளுங்கள்.

தவறினால் கழிக்கும் லீக்குகளில் இன்னொரு நுணுக்கம். ஞாயிறு முடிந்தபோது நீங்கள் அரைப் புள்ளி முன்னிலை, எதிராளிக்கு ஆள் மிச்சமில்லை, உங்களுக்குத் திங்கள் இரவுக் கிக்கர் மட்டும் பாக்கி என்றால், அவரைப் பெஞ்சில் உட்கார வைத்துவிடலாம். அவர் ஓர் உதையைத் தவறவிட்டு வேறெதுவும் அடிக்காமல் போனால் மைனஸ் ஒன்றில் நீங்கள் தோற்பீர்கள். முன்னிலை மிகக் குறைவு என்றால் வாரத்தின் நடுவில் புள்ளிவிவரத் திருத்தம் வந்து கணக்கை மாற்றவும் வாய்ப்புண்டு. லீக்கின் சமநிலை விதியையும் பார்த்துவிட்டு, ஆட்டம் தொடங்கும் முன் முடிவெடுங்கள்.